அஞ்சலையின் முகமும் சங்கீதாவின் மாத்திரையும்

போன வாரம் என் பழைய அலுவலகத்துப் பிள்ளைகள் கைப்பேசியில் அழைத்தார்கள். மாற்றுத்திறனாளிகளின் மருத்துவப் பதிவுகளை வைத்திருக்கும் செயலிக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதாம். திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்து அறிமுக விழா வைக்கிறார்களாம். "மேடம், நீங்க வந்து நாலு நல்ல வார்த்தை பேசணும். பழசை எல்லாம் கிளற வேணாம்" என்றான் ஒரு பையன். அவன் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நானும் நாலு நல்ல வார்த்தை பேசிவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்திருப்பேன். கோபம் வந்தால் எனக்குப் பேச்சு தடுக்கும். அதனால் எழுதிவிடுகிறேன்.

என் பெயர் வசந்தா. தொழில் இயன்முறை சிகிச்சை. ஃபிசியோதெரபி என்றால்தான் ஊரில் புரியும். புதுச்சேரியில் படித்துவிட்டு, திண்டிவனத்தில் ஓர் அறக்கட்டளை நடத்திய மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தேன். பஸ் ஏறி ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளின் காலை நீட்டி மடக்கியதில் பாதி வயது போனது. கடைசி வருஷங்களில் என்னை ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார்கள். யாருக்கு எந்த மருத்துவர், என்ன மாத்திரை, எப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்று எல்லாவற்றையும் அறுந்துபோகாமல் பிடித்து வைத்திருக்கும் வேலை. நான் உட்கார்ந்தது திண்டிவனத்தில். பதில் சொல்ல வேண்டிய தலைமை அலுவலகம் விழுப்புரத்தில்.

கணினியைக் கண்டால் ஆகாத ஆள் நான் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நான் வாயைத் திறந்தாலே "பழைய காலத்து ஆளு" என்று ஒதுக்க நாலு பேர் தயாராக இருக்கிறார்கள். பதிவுகள் கணினிக்குப் போக வேண்டும் என்று எங்கள் மையத்தில் முதலில் சண்டை போட்டவளே நான்தான். அட்டையில் எழுதி வைத்த காலத்தில் கரையான் தின்றது பாதி, முகாமில் தொலைந்தது பாதி.

கண்டமங்கலம் பக்கத்துப் பழனிவேல் என்பவரால்தான் அந்தச் சண்டையே. புதுச்சேரிக்குக் கட்டட வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தவர், சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் ஆனார். சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் ஆதியோடு அந்தமாகக் கதை சொல்ல வேண்டும். ஒரு தடவை அப்படிச் சொல்லும்போது ஏதோ விட்டுப்போய், ஒத்துக்கொள்ளாத ஊசியைப் போட்டுவிட்டார்கள். உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டிப் பிழைத்தார். பதிவுகள் கணினிக்கு வந்த பிறகு மறுபடி காய்ச்சலோடு சேர்த்தபோது, பணியில் இருந்த மருத்துவர் தன் கைப்பேசியிலேயே பதிவைத் திறந்து பார்த்து, அந்த ஊசியை ஒதுக்கிவிட்டு வேறு போட்டார். "மேடம், இன்னிக்கு நான் வாயே தொறக்கல. அவங்களே எல்லாத்தியும் சொல்லிட்டாங்க" என்று பழனிவேல் எனக்கு ஃபோன் செய்தார். அன்றைக்கு நான் மையத்தில் எல்லாருக்கும் கேசரி கிண்டிக் கொண்டுபோனேன்.

பிறகு ஒரு நாள் செயலிக்குள் முகம் வந்தது.

இறந்துபோனவர்கள் பெயரில் யாரோ எங்கோ மருந்து வாங்கிவிட்டார்களாம். தடுக்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. அதற்கு இவர்கள் கண்ட வழி இது: களப்பணியாளர் வீட்டுக்குப் போய்க் கைப்பேசியை நீட்ட வேண்டும். திரையில் ஒரு வட்டம் வரும். பயனாளி தன் முகத்தை அந்த வட்டத்துக்குள் அசையாமல் வைத்துக்கொள்ள வேண்டும். "கண்களைச் சிமிட்டவும்" என்று ஒரு பெண் குரல் சொல்லும். சிமிட்டினால் வட்டம் பச்சையாகும், பதிவு திறக்கும், மாத்திரை கொடுக்கலாம். இல்லையென்றால் வட்டம் சிவப்பாகவே நிற்கும்.

யாருக்காக இந்தச் செயலி? கண் இல்லாதவர்களுக்காக. முகவாதம் வந்து இமை மூடாதவர்களுக்காக. கழுத்து நிற்காத பிள்ளைகளுக்காக. அவர்களிடம் போய் முகத்தை ஆட்டாமல் வைத்துக் கண்ணைச் சிமிட்டு என்கிறது, அவர்களுக்காகவே செய்ததாகச் சொல்லப்படும் கருவி. இதை வரைந்தவர் ஒரு நாள் எங்கள் மையத்து வராந்தாவில் வந்து உட்கார்ந்திருந்தால் போதும், இந்த வட்டத்தைப் போட அவருக்குக் கை வந்திருக்காது. யாரும் வரவில்லை. கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது என்பார்கள். இங்கே விற்றது அடுத்தவர் கண்ணை.

இனி சங்கீதாவைப் பற்றி. மரக்காணம் பக்கத்தில் ஒரு கடற்கரைக் குப்பத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா அஞ்சலை மீன் விற்பவர். பிறக்கும்போதே மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் கழுத்தும் கைகளும் அவள் சொன்னபடி கேட்காது. தலை ஓயாமல் ஒரு பக்கம் இழுக்கும். பேச்சு வராது. ஆனால் புத்தி சாணை பிடித்த கத்தி. ஆமாம் என்றால் கண்களைக் கூரைக்கு உயர்த்துவாள். இல்லை என்றால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். "நாளைக்குக் கட்டாயம் வருவேன்" என்று சும்மாவுக்குச் சொன்னால் உதட்டை இறுக்குவாள். அவள் முன்னால் பொய் சொல்ல எனக்கே பயம்.

அவளுக்கு வலிப்பு நோயும் உண்டு. சரியான மாத்திரையும் அளவும் அமைய வெகுகாலம் ஆனது. அமைந்த பிறகு வலிப்பு நின்றது. அந்த நல்ல வருஷங்களில்தான் அவள் இடது கையில் கரண்டி பிடிக்கக் கற்றாள். கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிய கரண்டி. எங்கள் களப்பணியாளர் ஜெயந்தி வாராவாரம் போய்ப் பழக்கினாள். கேப்பைக் கூழில் பாதி தாடையில் வழியும், மீதி வாய்க்குப் போகும். யாராவது உதவிக்குக் கை நீட்டினால் உதடு இறுகிவிடும்.

முகம் கேட்கும் செயலியோடு ஜெயந்தி முதன்முதலில் அந்த வீட்டுக்குப் போன காலையை அவளே எனக்குச் சொன்னாள். சங்கீதாவின் தலையை அஞ்சலை இரண்டு கையாலும் பிடித்தார். இந்தப் பிள்ளைகளுக்குப் பிடிக்கப் பிடிக்கத்தான் இழுப்பு கூடும். வட்டம் சிவப்பு. மறுபடி. சிவப்பு. அந்தப் பெண் குரல் மட்டும் சலிக்காமல் சிமிட்டச் சொல்லிக்கொண்டே இருந்தது. சங்கீதா அழ ஆரம்பித்துவிட்டாள்.

"போதும் வுடு ஜெயந்தி. புள்ள பயந்துகினு கீது" என்றார் அஞ்சலை. "என் மூஞ்சியக் காட்டறேன், புடி. நான்தான பெத்தேன். என் மூஞ்சி வேற, அது மூஞ்சி வேறயா?"

மகளை மடியில் வைத்துக்கொண்டு அஞ்சலை சிமிட்டினார். வட்டம் பச்சையானது, சங்கீதா என்ற பெயருக்கு அஞ்சலையின் முகம் பதிவானது. மாத்திரை கொடுத்தாயிற்று.

இது அந்த வீட்டில் மட்டும் நடக்கவில்லை. எங்கள் களப்பணியாளர்கள் இதற்கு ஒரு பெயரே வைத்திருந்தார்கள், முகம் குடுக்கிறது என்று. "தாத்தாவுக்கு யார் முகம் குடுத்தாங்க?" "அவரு மருமவ." சாப்பிட்டாயா என்பது போல மதிய நேரத்தில் கேட்டுக்கொள்வார்கள். ஒளிவு மறைவு இல்லை. நானும் சும்மா இல்லை. வட்டத்துக்குள் வர முடியாதவர்களுக்கு வேறு வழி வையுங்கள் என்று விழுப்புரத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தேன். அங்கிருந்து வந்த பதில் ஃபோனில்தான் வந்தது. "எப்படியாவது முடிங்க மேடம். மாசக் கடைசியில சிவப்பு நிக்கக் கூடாது."

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் திட்ட அதிகாரி தணிகாசலம். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தவே மாட்டார். போனதும் டீ வரும். என் மகள் படிப்பை விசாரிப்பார். நாம் விஷயத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மேஜைமேல் இருக்கும் கணினித் திரையை இரண்டு கையாலும் பிடித்து நம் பக்கம் திருப்பி வைப்பார். "நீங்களே பாருங்க மேடம், சிஸ்டத்துல இல்லையே." அவ்வளவுதான். அதற்குமேல் நாம் அந்தத் திரையோடு பேசிக்கொள்ள வேண்டியது. அவர் பக்கத்து வீட்டுச் சண்டையைப் பார்ப்பவர் போல ஓரமாக உட்கார்ந்திருப்பார். முடியாது என்ற வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. திட்டுகிற அதிகாரிகளிடம் வேலை பார்த்திருக்கிறேன். அவர்களோடு மல்லுக்கு நிற்கலாம். இவரிடம் எதைப் பிடித்து உலுக்குவது?

பிறகு பராமரிப்பவர்களையும் பதிவு செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. அஞ்சலை ஒழுங்காகத் தன் பெயரில் தன் முகத்தைக் காட்டிப் பதிந்துகொண்டார். செயலி உடனே கண்டுபிடித்துவிட்டது: ஒரே முகம், இரண்டு பெயர். யாரும் வந்து பார்க்கவில்லை, யாரும் ஃபோன் செய்து கேட்கவில்லை. சங்கீதாவின் பதிவு தானாகவே முடங்கியது. ஜெயந்தி செயலிக்குள் நுழையும் வழியையும் அடைத்துவிட்டார்கள். போலிப் பயனாளி, மோசடி என்று எழுத்து வேறு.

மாத்திரை தீர்ந்ததும் அஞ்சலை மருந்துக் கடைக்குப் போனார். மருத்துவர் சீட்டு இல்லாமல் அந்த மாத்திரையைக் கொடுக்க முடியாது என்றார் கடைக்காரர். அவர் சொன்னது நியாயம். சீட்டு எங்கே? முடங்கிய பதிவுக்குள். தெரியாதவர் திறக்கக் கூடாது என்று பூட்டிய பெட்டிக்குள் நோயாளியின் சாவியையும் போட்டுப் பூட்டியிருந்தார்கள். ஜெயந்தி தன் பெயரில் நுழைய முடியாததால் பொதுவான புகார்ப் பக்கத்தில், 'வலிப்பு நோயாளி, மாத்திரை நின்றுவிட்டது, அவசரம்' என்று பதிந்தாள். நடவடிக்கை எடுக்கப்படும் என்று பதில் வந்தது. அதை நம்பி இருந்தார்கள்.

ஒரு காலையில் ஜெயந்தி எனக்கு அழுதுகொண்டே ஃபோன் செய்தாள். "அக்கா, ஜல்தியா வாங்க. சங்கீதாவுக்கு ஃபிட்ஸ் வந்து நிக்கவே மாட்டேங்குது."

நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, கிடைத்த ஆட்டோவில் ஓடினேன். சங்கீதாவை ஏற்றிக்கொண்டு வந்த ஆம்புலன்ஸில் வழியிலேயே ஏறிக்கொண்டேன். ஒரு வலிப்பு விடும், கண் திறப்பதற்குள் அடுத்தது பிடிக்கும். வாயெல்லாம் ரத்தம், முன்பல் ஒன்று உடைந்திருந்தது. அஞ்சலையின் சேலையில் மீன் வாடை, காலையில் ஏலம் எடுத்த கூடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் ஊசி மேல் ஊசி போட்டு ஒருவழியாக நிறுத்தினார்கள். "மருந்தை யார் நிறுத்துனது?" என்று அந்த இளம் மருத்துவர் அஞ்சலையைப் பார்த்துச் சத்தம் போட்டார். அஞ்சலை தலை குனிந்து நின்றார். அந்தத் தலை குனிந்ததை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. குனிய வேண்டிய தலைகள் விழுப்புரத்தில் இருந்தன.

மறுநாள் விழுப்புரம் போனேன். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பஸ் நின்ற நேரமெல்லாம் மனத்துக்குள் வசனம் பேசிப் பார்த்துக்கொண்டேன். அறைக்குள் போனதும் டீ வந்தது. நான் தொடவில்லை. விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடி துடைக்கப்பட்டது. திரை என் பக்கம் திரும்பியது.

"பாருங்க மேடம், கம்ப்ளெயின்ட் க்ளோஸ் ஆயிருக்கு."

ஜெயந்தி பதிந்த புகாருக்கு எதிரே பச்சை நிறத்தில் 'தீர்க்கப்பட்டது' என்று இருந்தது.

"எப்படி சார் தீர்ந்துச்சு? பொண்ணு ஐ.சி.யு.ல கிடக்குது."

"போலிப் பதிவுன்னு முடக்கியாச்சு இல்லீங்களா. பயனாளியே இல்லன்னா புகாரும் இல்ல. தானா க்ளோஸ் ஆயிடும்."

நான் எழுந்தேன். அந்தத் திரையை இரண்டு கையாலும் பிடித்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன். "இத நீங்களே வெச்சிக்குங்க சார். நான் உங்க முகத்தைப் பாத்துப் பேசத்தான் வந்தேன். அந்தப் பொண்ணு வீட்டுக்கு வர்றப்ப மாத்திரை இருக்கணும், சீட்டு இருக்கணும். அது வரைக்கும் இந்த நாற்காலிய விட்டு நான் எழுந்திருக்கப் போறதில்ல."

"பதிவு ஆக்டிவா இல்லாம மருந்து ரிலீஸ் ஆகாது மேடம்."

"அப்போ ஆக்டிவ் பண்ணுங்க."

அவர் சிரித்தார். பிறகு யாருக்கோ ஃபோன் செய்தார், அவர் இன்னொருவருக்குச் செய்யச் சொன்னார். நான் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் சாப்பாட்டு நேரம் போனது. கடைசியில் தணிகாசலம் பெருமூச்சு விட்டுத் தன் கடவுச்சொல்லைப் போட்டு எதையோ திறந்தார், ஒரு கட்டத்தில் குறியிட்டார், சேமித்தார். அவ்வளவுதான். சங்கீதா மறுபடி பயனாளி ஆகிவிட்டாள். முகம் இல்லாமலேயே, அதிகாரி கையால் பதிவைத் திறக்கும் வழி ஒன்று ஆரம்பத்திலிருந்தே அதற்குள் இருந்திருக்கிறது. நான் அத்தனை காலம் எழுதிக் கேட்ட அதே வழி.

"இது இருக்குன்னு ஏன் சார் சொல்லல?"

"யூஸ் பண்ணா ஆடிட்ல நான் காரணம் சொல்லணும் மேடம்" என்றார், அதே மெல்லிய குரலில்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள். ஒரு வரி காரணம் எழுதச் சோம்பல்பட்டு, வேண்டாம், பயந்து என்றே சொல்கிறேன், ஒரு பெண்ணின் மூளையில் தீ வைத்தார்கள். இதைச் சொல்ல எனக்கு இப்போது எந்தத் தயக்கமும் இல்லை.

பிறகு விசாரணை. மூன்று பேர் குழு குப்பத்துக்கே வந்தது. ஜெயந்தி மோசடி செய்தாளா என்பதுதான் அவர்கள் கேள்வி. ஜெயந்தியைக் கேட்டார்கள், அஞ்சலையைக் கேட்டார்கள், என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரிந்துதான் நடந்தது, விழுப்புரத்துக்கும் தெரியும், நான் எழுதியவை எல்லாம் இருக்கின்றன என்றேன். எல்லாவற்றையும் முடித்து எழுந்துகொண்டார்கள். வீட்டின் நடுவில் சாய்வு நாற்காலியில் இருந்த சங்கீதாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அவளைக் கேக்கலையா?" என்றேன்.

"பேச்சு வராதுன்னு ரெக்கார்டுல இருக்கே" என்றார் ஒருவர்.

"பேச்சுதான் வராது. பதில் வரும். கண்ணு கூரைக்குப் போனா ஆமா, உதடு இறுகுனா இல்ல. கேளுங்க."

குழுவில் இருந்த பெண் மருத்துவர் மட்டும் திரும்பி வந்து, அவள் எதிரே குந்தி உட்கார்ந்தார். "உன் பேருல குடுத்த மாத்திரை எல்லாம் உனக்குத்தான் வந்துச்சாம்மா?" கண்கள் கூரைக்குப் போயின. "ஜெயந்தி உங்களை ஏமாத்தினாங்களா?" உதடு இறுகியது. அவ்வளவு இறுக்கமாக நான் பார்த்ததில்லை. உடைந்த பல்லின் ஈறு இன்னும் ஆறாமல் இருந்தது, வலித்திருக்கும்.

மோசடி இல்லை என்று எழுதினார்கள். ஆனாலும் விதிமீறலுக்காக ஜெயந்திக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். எய்தவன் இருக்க அம்பை நொந்தார்கள். தணிகாசலத்துக்கு ஒன்றும் இல்லை. 'எப்படியாவது முடிங்க' என்று அவர் ஃபோனில்தானே சொன்னார், எழுத்தில் இல்லையே. ஜெயந்தி அந்தக் கடிதத்தை வாங்கிய கையோடு வேலையை விட்டாள். இப்போது திண்டிவனத்தில் ஒரு துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறாள். தடித்த கரண்டியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்த கை அது.

சங்கீதா வீடு திரும்பினாள். இடது கை கரண்டியைப் பிடிக்க மறந்துவிட்டது. நான் ஓய்வு பெறும்வரை பழக்கிப் பார்த்தேன், வரவில்லை. அஞ்சலைதான் இப்போது ஊட்டுகிறார். செயலியில் அவள் நிலையைக் குறிக்க மூன்றே விடைகள் இருந்தன: முன்னேற்றம், மாற்றமில்லை, இறப்பு. மோசமானது என்று சொல்ல இடமில்லை. என் இடத்துக்கு வந்த பிள்ளை என்ன செய்வான் பாவம், 'மாற்றமில்லை' என்று குறித்திருக்கிறான்.

விழா அழைப்போடு புதிய பதிப்பின் விளக்கப் படத்தையும் அனுப்பியிருந்தார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தேன். கண் சிமிட்டுவதில் பலருக்கும் சிரமம் இருப்பதை உணர்ந்து அதை எடுத்துவிட்டார்களாம். இனி யாரும் கண்ணைச் சிமிட்ட வேண்டாம். முகத்தை வட்டத்துக்குள் அசையாமல் வைத்துக்கொண்டு, பிறகு தலையை மெதுவாக வலப்பக்கமும் இடப்பக்கமும் திருப்பினால் போதும்.

நேற்று குப்பத்துக்குப் போனேன். அஞ்சலையிடம் படத்தைக் காட்டினேன். "இன்னாம்மா இது, திரும்பவும் மொதல்ல இருந்தா? இதே பேஜாராப் போச்சு" என்றார்.

சங்கீதாவின் எதிரே உட்கார்ந்து சொன்னேன். "மண்டபத்துல விழா வெக்கறாங்க. என்னைப் பேசக் கூப்பிட்டிருக்காங்க. நான் பேசப் போறதில்ல. அந்த ஃபோனை எல்லாருக்கும் முன்னால முதல்ல உன்கிட்ட நீட்டச் சொல்லப் போறேன். உன் தலை இழுக்கும். வட்டம் சிவப்பாவே நிக்கும். மண்டபமே உன்னைப் பாக்கும். உனக்குக் கஷ்டமா இருந்தா வேணாம், நான் மட்டும் போறேன். வர்றியா?"

கண்கள் கூரைக்குப் போயின. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தும் அவள் இறக்கவில்லை. அஞ்சலை எழுந்து போய், அவளுக்கு எந்தச் சுடிதார் போடலாம் என்று பெட்டியைத் திறந்தார்.